வண்டி எல்லை தாண்டும், லைசன்ஸ் தாண்டாது: கொழும்பில் ஃபுட் ட்ரக் போட நினைப்பவர்களுக்கு

கொத்து விற்கும் எங்கள் உணவு வண்டிக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அக்கா, இப்படி ஒரு வண்டி போட எவ்வளவு முடியும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. முடிந்த காசை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. எங்கே நிறுத்தப் போகிறாய், அந்த நிலம் யாருடையது, அது எந்த உள்ளூராட்சிச் சபையின் எல்லைக்குள் வருகிறது என்று 2023 கடைசியில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். ஒரு வருடத்தின் பாதியும் மிஞ்சியிருக்கும். கேட்க ஆள் இருக்கவில்லை. ஏற்கெனவே வண்டி வைத்திருந்தவர்களிடம் கதைத்துப் பார்த்தேன். ஒருவர் "ஒரு பிரச்சினையும் இல்லை, பி.எச்.ஐ.யைத் தெரிந்து வைத்தால் போதும்" என்றார். பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இன்னொருவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைக்கூடச் சொல்லாமல் மழுப்பினார். போட்டிக்கு வந்துவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம். சரி, எனக்கு அந்தப் பயம் இல்லை, எழுதிவிடுகிறேன்.

என் கணவர் தோஹாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு 2023 இல் திரும்பி வந்தார். கடை வாடகைக்குப் பார்த்தபோது வெள்ளவத்தையில் கேட்ட அட்வான்ஸைக் கேட்டு இருவரும் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தோம். அப்போதுதான் வண்டி யோசனை. வார நாட்களில் வெள்ளவத்தை, வெள்ளிக்கிழமை தெஹிவளை, சனிக்கிழமை பத்தரமுல்லை, ஞாயிற்றுக்கிழமை வத்தளை. ஓரிடத்தில் வியாபாரம் படுத்தாலும் இன்னோரிடம் தூக்கிவிடும் என்பது கணக்கு. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நான்கு பெயர்களுக்கும் பின்னால் வெவ்வேறு சபைகள் இருக்கின்றன. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள். காலி வீதியில் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. பத்தரமுல்லை கடுவெல மாநகர சபையின் எல்லைக்குள். வத்தளைக்குப் போவதென்றால் களனி கங்கையைத் தாண்டியதுமே பேலியகொடை நகர சபை, அப்புறம் வத்தளை–மாபோலை நகர சபை, அதை ஒட்டி வத்தளை பிரதேச சபை. மாவட்டமும் கம்பஹாவாக மாறிவிடுகிறது. மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கின்றன, நகர சபைகள் 1939 ஆம் ஆண்டினுடையதன்படி, பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி. ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் மட்டும் செல்லும் உபவிதிகளை வைத்து வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. பக்கத்துச் சபைக்காரர் அதை மதிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. "மேல் மாகாணம் முழுவதற்கும் ஒரே லைசன்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று எழுபத்தையாயிரம் கேட்டு ஒரு மனிதர் வீட்டுக்கே வந்தார். நல்லவேளை, அன்று கையில் காசு இருக்கவில்லை. அப்படி ஒரு பத்திரம் கிடையாது. யாராவது தருவதாகச் சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வண்டியைப் பற்றி முதலில். 2020 இல் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் அப்போது பழைய வாகனங்கள் எல்லாம் யானை விலை. பழைய டிமோ பட்டா என்ற சின்ன லொறி ஒன்றை 21 லட்சத்துக்கு லீசிங்கில் எடுத்தோம். மாதத் தவணை 58,000. பின்பக்கத்தைச் சமையலறையாக மாற்றும் வேலையை ஒரு கராஜில் எட்டரை லட்சத்துக்குக் கொடுத்தோம். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் மேசை, தோசைக்கல், கொத்துத் தட்டு, பக்கவாட்டில் மேலே தூக்கிக் கட்டும் கதவு, கூரைக்கு மேல் புகைபோக்கி. கராஜ்காரர் "இதற்கெல்லாம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், நிறையப் பேருக்குச் செய்திருக்கிறேன்" என்றார். லொறி வகை வாகனத்துக்கு வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. சான்றிதழ் எடுக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது: பதிவுப் புத்தகத்தில் இருக்கும் வாகனமும் முன்னால் நிற்கும் வாகனமும் ஒன்றில்லை. வாகனத்தின் உடலமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், மாற்றம் பதிவில் ஏற வேண்டும். அதோடு முடியவில்லை. லீசிங்கில் எடுத்த வாகனத்துக்குப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது லீசிங் கம்பனியின் பெயர். அவர்கள் எழுத்தில் சம்மதம் தராமல் திணைக்களம் கோப்பைத் திறக்காது. கம்பனியோ, மாற்றியமைத்த வாகனத்துக்குக் காப்புறுதி என்ன சொல்கிறது என்று கேட்டது. காப்புறுதிக்காரர் உள்ளே எரிவாயு சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டார். 12.5 கிலோ சிலிண்டர் இரண்டு இருந்தன.

பக்கக் கதவின் கீலைக் கழற்றி, புகைபோக்கியைத் தாழ்த்தி, சிலிண்டருக்கு வெளிப்பக்கம் திறக்கும் தனிக் கூடு அடித்து, மீண்டும் பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்குள் இன்னும் 1,60,000 போய்விட்டது. அதைவிட வலித்தது தவணை. வண்டி கராஜில் நின்றாலும் மாதம் பிறந்தால் 58,000 கட்டியே ஆக வேண்டும். வியாபாரம் தொடங்குமுன் மூன்றரை லட்சம் அப்படியே கரைந்தது. என் தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போனது அந்தக் காலத்தில்தான். இரவில் கணவர் மொட்டை மாடிக்குப் போய் நிற்பார், நான் பின்னால் போகமாட்டேன். போனால் இரண்டு பேரும் சண்டை பிடிப்போம் என்று தெரியும். ஆகவே கராஜுக்குக் காசு கொடுக்குமுன் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு லீசிங் கம்பனி, காப்புறுதி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் என்ற வரிசையில் போய்வாருங்கள். இரும்பு வெட்டியபிறகு யாரிடம் போனாலும் கெஞ்ச வேண்டி வரும். முடிந்தால் வண்டியை லீசிங் இல்லாமல் வாங்குங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே மாற்றம் பதிவான வண்டி விற்பனைக்கு வந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடுப்பது லாபம்.

வியாபாரப் பெயர்ப் பதிவு ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், முகவரிக்கான ஆதாரம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு லைசன்ஸ் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பெயருக்கான பதிவு. உணவு விற்க அது அனுமதி தராது.

அப்புறம் சபைக் கவுண்டர். விண்ணப்பப் படிவத்தின் மேலேயே இருக்கிறது அசெஸ்மென்ட் நம்பர், அதாவது சபை ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரி மதிப்பிட்டுக் கொடுக்கும் இலக்கம். "வண்டிக்கு என்ன நம்பர் போடுவது?" என்று நான் கேட்க, கவுண்டரில் இருந்த பெண் பின்னால் திரும்பி மேலதிகாரியிடம் கேட்டார், அவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. படிவத்தில் எங்களுக்கு இடம் இல்லை என்பதுதான் உண்மை. உணவுக் கடை என்றால் நாலு சுவரும் கூரையும் உள்ள இடம் என்று எண்ணி எழுதப்பட்ட விதிகள் அவை. நடமாடும் வியாபாரிகளுக்கென்று உபவிதி வைத்திருக்கும் சபைகளும் உண்டு, ஆனால் அவை தள்ளுவண்டியையும் தலைச்சுமைக்காரரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அடுப்பு எரியும் லொறி இரண்டிலும் அடங்காது. கடைசியில் வழி காட்டியவர் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். "மிஸ், முதலில் எனக்கு ஒரு சமையலறையைக் காட்டுங்கள். வெட்டுவது, கழுவுவது, அவிப்பது எல்லாம் எங்கே நடக்கிறது? அதற்கு லைசன்ஸ் எடுங்கள். வண்டியை அதற்குப் பிறகு பார்ப்போம்" என்றார். ஊரெல்லாம் அலைந்து கிடைக்காத புத்தி அது.

என் சித்தியின் வீட்டுக் கராஜை வாடகைக்கு எடுத்து அடிப்படைச் சமையலறை ஆக்கினோம். வீட்டுச் சமையலறையைக் காட்டாதீர்கள். வீட்டு ஆட்கள் நடமாடும் இடத்தில் வியாபாரச் சமையல் இருந்தால் பரிசோதனையில் நிற்காது. பி.எச்.ஐ. வருவது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தையும் அதன் கீழ் வந்த சுகாதார ஒழுங்குவிதிகளையும் வைத்துக்கொண்டு. கையில் எச் 800 என்ற புள்ளிப் படிவம் இருக்கும். நாங்கள் சுவருக்குப் புது வெள்ளை அடித்துவிட்டுப் பெருமையாகக் காத்திருந்தோம். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. நேரே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பச்சை இறைச்சிக்குக் கீழே அவித்த இடியப்பம் இருக்கிறதா என்று பார்த்தார். கை கழுவும் தொட்டி தனியாக இருக்கிறதா, பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே கையும் கழுவுகிறோமா என்று பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, எலி வர எங்கே ஓட்டை இருக்கிறது, குப்பை வாளிக்கு மூடி இருக்கிறதா. உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சான்றிதழும் டைபாய்ட் ஊசி போட்ட அட்டையும் கேட்டார். கொத்து அடிக்கிற தம்பிக்கு ஊசி போட்டிருக்கவில்லை, அதற்காக இன்னொரு நாள் காத்திருந்தோம். எல்லாம் முடிந்து பத்திரம் கையில் வந்தபோது நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "இது இந்தச் சமையலறைக்கு. லொறியை எங்கே நிறுத்தினாலும் இதைக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வார்த்தையின் பாரம் அடுத்த மாதமே தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்துச் சபை ஒன்றின் எல்லைக்குள் தெரிந்தவர் ஒருவரின் கடை முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். எந்தச் சபை என்று எழுதவில்லை, அவர்கள் செய்தது சட்டப்படி சரி. ஏழு மணிக்குக் கூட்டம் சேரத் தொடங்கியதும் அந்தப் பகுதி பி.எச்.ஐ. வந்தார். லைசன்ஸைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேறு சபையுடையது. எங்கள் சபையில் இந்த இடத்துக்கு என்ன இருக்கிறது?" என்றார். ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு மூடச் சொன்னார். மாவு, இடியப்பம், கோழிக் குழம்பு, நாற்பதாயிரத்துக்கு மேல் பெறுமதியான சாமான். கொஞ்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம், மிச்சத்தைக் கொட்டினோம். புதிய இடத்துக்குப் போகும் முதல் நாள் பாதிச் சமையலுடன் போங்கள் என்று யாருக்கும் சொல்லுவேன். அதைவிட நல்லது, போவதற்கு முன் அந்தப் பகுதி பி.எச்.ஐ. யார் என்று கேட்டுப் போய்ப் பார்ப்பது. சில மாநகர சபைகளுக்குச் சொந்தச் சுகாதாரப் பிரிவு இருக்கிறது, மற்ற இடங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்க வேண்டும். ஒவ்வொரு பி.எச்.ஐ.க்கும் பிரித்துக் கொடுத்த பகுதி உண்டு, ரோட்டின் ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் இன்னொருவர் என்றுகூட இருக்கலாம். தானாக வந்து வேலையைக் காட்டிவிட்டு ஆலோசனை கேட்கிறவரை எந்த அதிகாரியும் எதிரியாகப் பார்ப்பதில்லை. அடிப்படைச் சமையலறையின் புள்ளிப் படிவப் பிரதி அங்கேயும் உதவியது, ஏனென்றால் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருந்தது.

இனி நிலம். என் அனுபவத்தில் லைசன்ஸைவிடச் சிக்கலானது இதுதான். காலி வீதி ஏ2, கண்டி வீதி ஏ1, நீர்கொழும்புப் பக்கம் போவது ஏ3, ஹைலெவல் வீதி ஏ4. இவை தேசிய வீதிகள், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சபை லைசன்ஸ் கொடுத்தாலும் அந்த வீதி ஓரம் சபையின் கையில் இல்லை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் பொலிஸ் எழுப்பிவிடும். மரைன் டிரைவில் கடல் பக்கம் நிறுத்தலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பக்கம் ஓடுவது கரையோர ரயில் பாதை, நிலம் ரயில்வேயுடையது. பத்தரமுல்லையில் தியத்த உயன போன்ற பூங்காக்களுக்கு அவற்றை நடத்தும் அரச நிறுவனத்திடம் போக வேண்டும். ஆக, பொது இடம் என்று நாம் நினைப்பதற்கெல்லாம் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் அநேகமாகச் சபை இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் தனியார் காணிக்கு மாறினோம். அங்கேயும் அடி விழுந்தது. பிரதான வீதி ஓரம் ஒரு காணிக்காரர் மாதம் 45,000 வாடகை, 1,50,000 அட்வான்ஸ் கேட்டார். கொடுத்து, ஒப்பந்தமும் எழுதி, சபைக்குக் கொண்டுபோனால், வண்டி நிற்கும் முன்பக்கப் பகுதி வீதி ஒதுக்குக்குள், அதாவது வீதிக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குள், வருகிறதாம். அவருக்கே உரிமை இல்லாத நிலத்தை எங்களுக்கு வாடகைக்குத் தந்திருக்கிறார். காசைக் கேட்டால் போன் எடுக்கவில்லை. பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனோம். வக்கீல் செலவு இல்லை, தமிழிலேயே கதைக்க முடிந்தது. பாதியைத் திருப்பித் தருவதாக உடன்பட்டுத் தவணையாகக் கட்டி முடித்தார். மீதி 75,000 போனது போனதுதான். காணி வாங்குபவர்கள் எடுப்பார்களே, வீதியின் எல்லை எதுவரை என்று சொல்லும் வீதிக்கோட்டுச் சான்றிதழ், அதைச் சபையில் எடுத்துக் காட்டும்படி காணிக்காரரிடம் அட்வான்ஸுக்கு முன்னரே கேளுங்கள். "அதெல்லாம் எதற்கு தங்கச்சி" என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

காலமும் எங்களுக்கு வாய்க்கவில்லை. உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை சபைகளில் உறுப்பினர்களே இருக்கவில்லை. மாநகர சபை என்றால் ஆணையாளர், நகர சபை, பிரதேச சபை என்றால் செயலாளர், அவர்கள்தான் எல்லாம். வழக்கமான விண்ணப்பங்கள் ஓடின. எங்களுடையது போல முன்மாதிரி இல்லாதவை தேங்கின. ஒரு சபையில் "இது குழுவில் வைத்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்" என்றார்கள், ஆனால் குழு இல்லை. யாரைக் குறை சொல்வது? அப்போதுதான் ஒரு நண்பி சொல்லி, 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் போட்டேன். நான் கேட்டது சின்ன விஷயம்: நடமாடும் உணவு வியாபாரத்துக்கு உங்கள் சபையில் உபவிதி இருக்கிறதா, இருந்தால் எந்த வர்த்தமானியில் வந்தது, கட்டணம் என்ன. தகவல் அலுவலர் கோரிக்கை மீது 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் எழுத்தில் வந்தது, அதுவரை கவுண்டரில் வாயால் மட்டும் கிடைத்த "முடியாது" அந்தக் கடிதத்தில் "தனியார் காணியில், சுகாதாரப் பிரிவின் பரிந்துரையுடன் பரிசீலிக்கலாம்" என்று மாறியிருந்தது. அந்தக் கடிதத்தின் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கவுண்டரில் ஆள் மாறினாலும் அது பேசும். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1919 க்கு அழைத்துக் கேளுங்கள், அரச தகவல் நிலையம், தமிழிலும் பதில் சொல்வார்கள்.

இன்னொரு செலவு யாரும் சொல்லாமல் வந்தது. வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிகிறது, நீங்கள் எப்போது எடுத்தாலும் சரி. எங்கள் முதல் பத்திரம் ஒக்டோபரில் கிடைத்தது, முழுக் கட்டணமும் கட்டினோம், சூடு ஆறுமுன் ஜனவரி வந்துவிட்டது. கட்டணம் பெரிய தொகை இல்லை. அதற்காக மறுபடி பரிசோதனை, மறுபடி கோப்பு, மறுபடி வரிசை என்பதுதான் கஷ்டம். ஆண்டுக் கடைசியில் ஆயத்தமானவர்கள் ஆவணங்களை மட்டும் தயார் செய்துகொண்டு விண்ணப்பத்தைப் புது வருடத்தில் கொடுப்பது நல்லது. அப்படிக் காத்திருந்தால் டிசம்பர் வியாபாரம் போய்விடுமே என்று கேட்டால், அதை உங்கள் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எப்படி நடத்துகிறோம் என்றால், நாலு ஊர்த் திட்டம் இரண்டு நிலையான இடங்களாகச் சுருங்கிவிட்டது. வெள்ளவத்தையில் மாலையில் பூட்டிவிடும் ஒரு ஹார்ட்வெயார் கடையின் முற்றம், பத்தரமுல்லையில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் பின்பக்க வாகனத் தரிப்பிடம். இரண்டு இடத்துக்கும் காணிக்காரரின் எழுத்துச் சம்மதமும் அந்தக் கட்டடத்தின் அசெஸ்மென்ட் நம்பரும் இருக்கின்றன. அந்த நம்பரில்தான் அந்தந்தச் சபையில் தனித்தனியாக லைசன்ஸ் எடுத்திருக்கிறோம். படிவத்தில் காலியாகக் கிடந்த கட்டம் அப்படித்தான் நிரம்பியது. ஆடிவேல், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, வெசாக் என்று கூட்டம் சேரும் நாட்களுக்கு நாங்களாகப் போய் நிற்பதில்லை. ஏற்பாட்டாளர்கள் சபையிடமும் பொலிஸிடமும் தற்காலிக அனுமதி எடுத்துத் தங்கள் பட்டியலில் எங்களைச் சேர்த்தால் மட்டும் போகிறோம். அந்த அனுமதியின் பிரதியைக் கையில் தராத ஏற்பாட்டாளருக்கு இடக் காசு கட்டுவதில்லை. ஒருமுறை பிரதி கேட்டதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார், அந்த நிகழ்ச்சி பிறகு நடக்கவே இல்லை.

சில்லறை விஷயங்கள் சில இருக்கின்றன, ஆனால் வழக்கு வருவது பெரும்பாலும் இவற்றில்தான். 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, ஸ்ட்ரோ எல்லாம் தடை. இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, எங்களுக்கு அதுதான் தொழிலே. பிரம்புத் தட்டுக்கும் பரிமாறக் கமுகம் மட்டைத் தட்டுக்கும் மாறினோம். செலவு கூடியது, ஆனால் படம் எடுத்துப் போடுகிறவர்களும் கூடினார்கள். விலைப்பட்டியல் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பிடிக்கும். எங்களுடையதை மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறோம். கழிவுநீருக்கு வண்டியின் அடியில் ஒரு தாங்கி, பொரித்த எண்ணெய்க்கு ஒரு கேன். இரண்டையும் ரோட்டு வடிகாலில் ஊற்றினால் அடுத்த நாள் அந்த முற்றம் உங்களுக்குக் கிடையாது. தீயணைப்புக் கருவி இரண்டு வையுங்கள், ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில், மற்றது சாரதி இருக்கைக்குப் பின்னால், அடுப்புப் பக்கம் தீப்பிடித்தால் அங்கே இருப்பதை எடுக்க முடியாது. வேலைக்கு ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு சம்பளத்தில் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். அதைச் சேர்க்காமல் கொத்து விலையைப் போடாதீர்கள்.

வண்டிக்குள் ஒரு கோப்பு எப்போதும் இருக்கிறது. பெயர்ப் பதிவு, இரண்டு லைசன்ஸ், காணிக்காரர்களின் கடிதங்கள், மருத்துவச் சான்றிதழ்கள், காப்புறுதி, தகவல் அலுவலரின் பதில், எல்லாவற்றுக்கும் பிரதி. மூலம் வீட்டில். கடிதங்களைச் சிங்களத்திலும் எழுதி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். உரிமை இருக்கிறது என்று தமிழில் மட்டும் கொடுத்து, மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு மேசைக்கு மேசை அலைந்ததையும் பார்த்துவிட்டேன். தெஹிவளைக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருக்கிறோம். வத்தளையில் ஒரு காணி பிடித்திருக்கிறது, கோயிலுக்குக் கிட்ட, நிறுத்த நல்ல இடம். ஆனால் அது நகர சபைக்குள்ளா பிரதேச சபைக்குள்ளா என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அவர் பதில் தரும்வரை காணிக்காரருக்கு ஒரு சதமும் கொடுப்பதாக இல்லை.